கனடா விசா கையில், இடையில் ஒன்பது மணி நேரம்: வெளியே போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் முதல் முறையாக டொரண்டோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். கனடா விசிட்டர் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்துவிட்டது, டிக்கெட்தான் எடுக்கவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனாலும் லண்டன் வழியாகப் போனாலும் நடுவில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நேரத்தில் வெளியே போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமா? எதில் போனால் நல்லது? மனைவிக்கு முட்டிவலி உண்டு. – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஊர் பார்க்கிற எண்ணம் இருந்தால் லண்டன் வழியாக எடுங்கள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் உங்களை வெளியே விடமாட்டார்கள்.

மண்ணடியில் டிக்கெட் போட வருகிறவர்களில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். கனடா விசா இருந்தால் ஜெர்மனியில் டிரான்சிட் விசா தேவையில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்கு மட்டும். இமிகிரேஷன் கவுண்டரைத் தாண்டி வெளியே கால் வைக்க வேண்டுமானால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, கட்டாயம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பாது. அரை நாள் சுற்றலுக்கு இவ்வளவு செலவு செய்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஷெங்கன் எடுப்பதென்றால் இரண்டு மூன்று ராத்திரி தங்குவதாகத் திட்டமிட்டு எடுங்கள். ஏற்கெனவே அந்த விசா வைத்திருப்பவர்களுக்கு ஃப்ராங்க்ஃபர்ட் அருமையான ஊர்தான். எஸ்8, எஸ்9 ரயிலில் கால் மணி நேரத்தில் நகரத்துக்குள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கடைகள் அடைத்திருக்கும்.

பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அங்கே சட்டம் வேறு. செல்லுபடியாகும் கனடா விசாவோடு கனடாவுக்குப் போகிற வழியில் லண்டனில் இறங்குகிறவர், விசா இல்லாமலேயே இமிகிரேஷன் தாண்டி வெளியே போய்வர அங்குள்ள விதி இடம் தருகிறது. விமானத்தில் வந்து விமானத்திலேயே கிளம்ப வேண்டும். அடுத்த விமானத்தின் டிக்கெட் உறுதியாகி, அது மறுநாள் நள்ளிரவுக்குள் புறப்படுவதாக இருக்க வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து விசா உள்ளவர்களும் அந்தந்த நாட்டுக்குப் போகிற வழியில் இப்படி இறங்கலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இது உரிமை இல்லை, கவுண்டரில் இருக்கும் அதிகாரி பார்த்து அனுமதிப்பது. டொரண்டோ போர்டிங் பாஸ், திரும்பி வரும் டிக்கெட், மகனின் முகவரி எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். எதற்கு வெளியே போகிறீர்கள் என்று கேட்டால், இத்தனை மணிக்கு விமானம், அதுவரை ஊர் பார்க்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இந்தப் பகுதியைப் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் அதைக் காட்டலாம்.

டிக்கெட் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டிக்கு டொரண்டோ வரைக்கும் டேக் போடுவார்கள், நீங்கள் கைவீசிக்கொண்டு வெளியே போகலாம். ஊறுகாய் பாட்டில், நெய், பால்கோவா எதுவும் கைப்பையில் வேண்டாம். பால் பொருளையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் எடுத்துப்போகக் கூடாது. ஊறுகாய்க்கு அங்கே தடையில்லை, ஆனால் திரும்ப உள்ளே நுழையும்போது மறுபடியும் செக்யூரிட்டி இருக்கிறது. காசிமேட்டுக் கருவாட்டுக்குக்கூடச் சட்டம் தடை சொல்லவில்லை, மீன் வகை 20 கிலோ வரை அனுமதி. ஆனால் அந்த வாசனையோடு ரயிலில் உட்காருவது உங்கள் பாடு.

இனி நேரக் கணக்கு. ஒன்பது மணி நேரம் என்றால் ஒன்பதும் நம் கைக்கு வராது. இறங்கி, வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். தானியங்கி கேட்டில் இந்திய பாஸ்போர்ட் போகாது, ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டர்தான். போக வர ரயிலுக்கு இரண்டு மணி நேரம். புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே விமான நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆக, ஊருக்குள் மிஞ்சுவது மூன்று மணி நேரம். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் இரண்டு. இடைவெளி ஏழு மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் நான் வெளியே அனுப்பவேமாட்டேன். நீங்கள் தாமதமாகத் திரும்பி விமானத்தை விட்டால் ஏர்லைன்ஸ் பொறுப்பேற்காது.

மூன்று மணி நேரத்துக்கு ஒரே இடம், ஒரே நடை போதும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிக்காடிலி லைன் ஏறுங்கள். விம்கோ நகரில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குகிற நம் மெட்ரோ மாதிரி, வண்டி மாறாமல் நேராகப் போகும். சுமார் 50 நிமிடத்தில் கிரீன் பார்க். எலிசபெத் லைன் இன்னும் வேகம்தான், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். டிக்கெட் வாங்கத் தேவையில்லை, வாயிலில் காண்டாக்ட்லெஸ் கார்டைத் தொட்டால் திறக்கும், இறங்கும் இடத்திலும் தொட வேண்டும். ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும், எனவே உங்கள் மனைவிக்குத் தனிக் கார்டு வேண்டும். மாஸ்டர்கார்டு அல்லது விசா நிறுவனத்தின் முத்திரை உள்ள கார்டாகப் பாருங்கள், ரூபே அங்கே ஆகாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் சென்னையிலேயே ஆன் செய்துவிடுங்கள்.

கிரீன் பார்க் ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு, முட்டிக்குச் சிரமமில்லை. அங்கிருந்து பூங்கா வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் பக்கிங்ஹாம் அரண்மனை. அப்புறம் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் ஏரிக்கரையோரமாக நடங்கள். அங்கே கூழைக்கடாக்கள் இருக்கும். 1664-ல் ரஷ்யத் தூதர் பரிசாகக் கொடுத்ததில் தொடங்கிய வழக்கமாம். பூங்காவில் கோடைக்காலத்தில் துணி நாற்காலி போட்டிருப்பார்கள், அது வாடகைக்கு. மர பெஞ்சுக்குக் காசு கிடையாது. பூங்காவைக் கடந்தால் நாடாளுமன்றம், பிக் பென், தேம்ஸ் நதி எல்லாம் பக்கத்தில். மொத்த நடையும் இரண்டு கிலோமீட்டர்தான். வெஸ்ட்மின்ஸ்டரில் ஜூபிலி லைன் ஏறி ஒரே ஸ்டேஷனில் கிரீன் பார்க், அங்கே மறுபடி பிக்காடிலி. திரும்பும்போது வண்டியின் நெற்றியைப் படித்துவிட்டு ஏறுங்கள். அதே தண்டவாளத்தில் அக்ஸ்பிரிட்ஜ் போகும் வண்டியும் வரும். ஹீத்ரோ வண்டியிலும் டெர்மினல் 4, டெர்மினல் 5 என்று தனித்தனி உண்டு.

மழை கொட்டினால் நடையை விட்டுவிட்டு பிரிட்டிஷ் மியூசியம் போங்கள். எலிசபெத் லைனில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு இறங்கினால் பக்கம், அங்கேயும் லிஃப்ட் உண்டு. நுழைவு இலவசம், சக்கரம் வைத்த பெட்டிக்கு அனுமதியில்லை. 33-ஏ அறையில் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராஸுக்குக் கொண்டுவந்து, பிறகு 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியவை. அதே ஸ்தூபியின் இன்னொரு தொகுதி நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது.

திரும்பும் டிக்கெட்டையும் லண்டன் வழியாகவே போடுவதானால் தேதியில் கவனம் வேண்டும். கனடாவிலிருந்து வரும்போதும் இதே சலுகை உண்டு, ஆனால் நீங்கள் கனடாவுக்குள் நுழைந்து ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்று முழு ஆறு மாதத்துக்கும் திட்டம் போடுகிறவர்கள், ஒரு வாரம் முன்னதாகவே திரும்பும் தேதியை வைத்துக்கொள்ளலாம்.