செல்லும் என்றால் என்ன?

வணக்கம் ஐயா,

என் பெற்றோர் 1964-ல் ஈரோட்டுப் பக்கம் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். போன வருடம் அப்பா தவறிவிட்டார். பங்குப் பேச்சு வந்தபோது பங்காளி ஒருவர், "ஐயரும் இல்லை, அருமைக்காரரும் இல்லை, அந்தக் கல்யாணமே செல்லாது" என்று சொல்லிவிட்டார். (அருமைக்காரர் என்றால் எங்கள் கொங்குப் பக்கம் கல்யாணத்தை முன்நின்று நடத்தும் பெரியவர்.) அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சட்டம் பிறகுதானே வந்தது? அதுவரை அவர்கள் யார்?

வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கல்யாணம் செல்லும். முதலில் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உற்றார், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பே இப்படி நடந்த கல்யாணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது அது.

உங்கள் பங்காளி அருமைக்காரரை இழுத்ததுதான் எனக்கு வருத்தம். ஐயர் இல்லாமல் அருமைக்காரரும், மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீரும், மங்கல வாழ்த்துப் பாட்டுமாக நடந்த கொங்குக் கல்யாணங்களைச் சட்டம் வழக்கம் என்று ஏற்றது. சுயமரியாதைத் திருமணத்தையோ 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம், நெடுநாள் வழக்கம் இல்லை என்று தள்ளியது. அருமைக்காரர் முன்நின்று நடத்திய முதல் கல்யாணமும் ஒருநாள் புதிதாகத்தானே இருந்திருக்கும்?

என் பெரியம்மாவுக்கும் அந்த வருடங்களில்தான் இப்படிக் கல்யாணம் நடந்தது. அப்புச்சி, அதாவது பெரியம்மாவின் அப்பா, பந்தலுக்குள் வரவில்லை, களத்துமேட்டிலேயே நின்றுவிட்டாராம். ஒரு மாதம் கழித்துக் கடலைக்காய் மூட்டையோடு அவர்கள் சாளைக்கு, தோட்டத்து வீட்டுக்கு, போயிருக்கிறார். வாசலில் நின்ற பெரியப்பாவைப் பார்த்து, "என்னங் மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் எறக்குங்க" என்றாராம். பெரியம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த 'மாப்பிள்ளை'யில் குரல் உடையும். சட்டம் வர இன்னும் நாள் இருந்தது. காசு செல்லும் என்கிறோம், அடுத்த கை அதை வாங்குவதால்தானே? அப்புச்சி அன்று வாங்கிக்கொண்டார். உங்கள் பெற்றோரையும் ஊர் இத்தனை வருடம் கணவன் மனைவி என்றுதானே விருந்துக்கு அழைத்தது?

அப்புறம் ஒன்று. கல்யாண அழைப்பிதழோ போட்டோவோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அன்று வந்தவர்களில் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.