குடும்பத்தோடு காரில் போகும்போது எதிர்பாராத சிக்கலில் மாட்டியதுண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?

உண்டு. இரண்டு வருடம் முன்பு, பொங்கல் விடுமுறையில். திருச்சியிலிருந்து வால்பாறைக்குப் போனோம். வண்டியில் ஆறு பேர்: நான், கணவர், என் அப்பா, என் மாமியார், பத்து வயது மகள், ஐந்து வயது மகன். கணவருக்கு ஓட்ட வராது, அதனால் முழுக்க நான்தான் ஓட்டினேன். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. கடைசி சீட்டில் பாதியை மடக்கி, பெட்டி, கம்பளி, அத்தை கட்டிவைத்த சாப்பாட்டுத் தூக்கு என்று கூரை முட்ட அடைத்திருந்தோம்.

பயணத்துக்குக் காரணம் அப்பா. அவர் பிறந்தது வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பாட்டி கொழுந்து பறித்தவர், தாத்தா தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தவர். பதினொரு வயதில் கீழே இறங்கிய அப்பா, அப்புறம் மேலே போனதே இல்லை. அறுபது வருடம். ஒருநாள் டிவியில் வால்பாறையைக் காட்டினார்கள். "எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பலா நின்னுச்சு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் அன்றைக்கே ரூம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் சிக்கல் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வந்தது. பின்பக்க டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று பாதிதான் இருந்தது. வீல் நட்டு ஒன்று அசைய மறுத்தது. ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை, கேரளாவுக்கு லோடு போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி, நீளமான இரும்புப் பைப்பை ஸ்பானரில் செருகி ஏறி மிதித்தார். கழன்றது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் அடுத்த பஞ்சர் கடையில் இரண்டு டயரையும் சரி செய்தோம். ஒன்றரை மணி நேரம் போனது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள், தயவுசெய்து. ஐந்து நிமிட வேலை.

பழனி, உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் ஆழியார். அங்கிருந்து மலை ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மகள் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே நின்று ஆழியார் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாறை மேல் இரண்டு வரையாடு, எங்களைக் கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநில விலங்கை நான் நேரில் பார்த்தது அன்றுதான். பதினெட்டாவது வளைவில் மகன் வாந்தி, இருபத்து மூன்றில் மறுபடியும். எலுமிச்சையும் ஈரத்துணியும் வைத்து அத்தை பார்த்துக்கொண்டார்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு ரூமுக்குத் திரும்பும் வழியில், ரோட்டோரம் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எனக்கு என்னவென்று புரியவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "யானை நிக்குதுக்கா, போகாதீங்க" என்றார். சுற்றுவட்டம் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் அந்த விளக்கை எரியவிடுவார்களாம். செல்போனில் கூப்பிட்டாலே எரியும்படி வைத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு, யானை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நம் ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அங்கே செய்திருக்கும் வேலை இது. இதற்காக ஆனந்த குமார் என்ற ஆய்வாளருக்கு 2015இல், வன உயிர் பாதுகாப்புக்காகத் தரும் விட்லி விருது கிடைத்தது. நாற்பது நிமிடம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யானையைக் கண்ணால் பார்க்கவில்லை. கிளை முறியும் சத்தம் மட்டும் ஒருதரம் கேட்டது. மகன் என் சுடிதாரைப் பிடித்தபடி மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

மறுநாள் காலை அப்பாவின் லயத்தைத் தேடிப் போனோம். எஸ்டேட் ஆபீசில் கேட்டு, ஒரு சூப்பர்வைசர் கூட வந்து காட்டினார். லயம் இருந்தது. மேலே புதுத் தகரம், சுவரில் புது வெள்ளை. அப்பா இருந்த வீட்டில் இப்போது ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைதான். எங்கள் ஆறு பேருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அப்பா பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பலா நின்ற இடத்தில் சிமெண்டுத் தொட்டி. "சரி, போகலாம்மா" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து அவர் மனதைக் கஷ்டப்படுத்திவிட்டோமோ என்று அன்று முழுக்க உறுத்தியது.

இனி, நீங்கள் கேட்ட சிக்கல்.

மூன்றாம் நாள் காலை இறங்க ஆரம்பித்தோம். ஏறும்போது இரண்டாவது கியர், சில வளைவில் முதல் கியர். இறங்கும்போது வண்டி தானாக ஓடுகிறதே என்று மூன்றாவதில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். தப்பு என்று அப்போது தெரியவில்லை. எட்டு வருடமாக ஓட்டுகிறேன், எல்லாம் சமதளம்.

இருபதாவது வளைவு தாண்டியிருக்கும். பின்சீட்டிலிருந்து அப்பா, "பாப்பா, லைனிங் வாடை வருது" என்றார். பிரேக் சூடேறிக் கருகும் வாடை.

முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து வருகிறது என்றேன். இரண்டு வளைவு கழித்து மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. "நம்ம வண்டிதாம்மா. நிறுத்து."

பதினாலுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே பிரேக்கை மிதித்தேன். கால் உள்ளே போனது. எப்போதும் பாதியில் கல்லு மாதிரி நிற்கும் பெடல், ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி அடிவரைக்கும் போனது. வண்டி வேகம் குறையவில்லை. அந்த ஒரு நொடியை இப்போது எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. விட்டு விட்டு நாலைந்து தடவை வேகமாக மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. இரண்டாவதுக்கு இறக்கினேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பதிமூன்றாவது வளைவில் மலைப் பக்கம் ரோடு அகலமாக இருந்தது. அங்கே ஒதுக்கி, முதல் கியரில் போட்டு, மண்ணில் இறக்கி நிறுத்தினேன். வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அத்தை மட்டும் "முருகா, முருகா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை. கணவர் பதறிப்போய்த் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த நேரம் மேலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"அண்ணே, தண்ணி ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க! டிஸ்க் வெடிச்சிரும்!"

லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. முதல் வேலையாக இரண்டு பெரிய கல்லை உருட்டி வந்து சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். கியரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை விடச் சொன்னார். சூட்டோடு இழுத்து வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். சக்கரத்தைத் தொடாமல், கையைச் சற்றுத் தள்ளி வைத்துச் சூடு பார்த்தார். "ஒரு மணி நேரம் ஆகும்க்கா. அதுவரைக்கும் யாரும் வண்டில உக்காராதீங்க."

வேலைக்குப் போகிற மனிதர், லோடு ஏற்றிய வண்டி. போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தன் லாரிக்குப் போய் டீ பிளாஸ்க்கை எடுத்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அங்கேதான் அப்பா பேச ஆரம்பித்தார். கீழே ஆழியார் தண்ணீர் வெயிலில் தகரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. காற்றில் இன்னும் அந்தக் கருகல் வாடை.

"நாங்க இறங்குனப்பவும் இதே வாடைதான்" என்றார்.

தாத்தா பாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. லயம் என்பது வேலைக்குக் கொடுக்கும் வீடு. வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. தாத்தா போனதுக்கு அடுத்த மாதம் பாட்டியும் ரத்த வாந்தியோடு படுத்துவிட, கொழுந்து பறிக்க முடியவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் அம்மாவும் பிள்ளையும் இறங்கினார்கள். கூட ஒரு தகரப்பெட்டி, கூடைக்குள் இரண்டு கோழி. பாதி மலையில் லைனிங் காய்ந்து வாடை வந்ததும், டிரைவர் நிறுத்திக் கல்லு போட்டார். அது இந்த வளைவா, வேறு வளைவா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பாட்டி இறங்கி, கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மேலே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாராம்.

"அழுதாங்களா தாத்தா?" என்றாள் மகள்.

"இல்லடா. 'அந்தப் பலாவுல பிஞ்சு விட்டிருந்துச்சே, யாரு பறிப்பா'ன்னாங்க."

கீழே வந்து நாலு மாதத்தில் பாட்டி இறந்துவிட்டார். அப்பாவைச் சித்தப்பா வீட்டில் வளர்த்தார்கள். இதை நான் என் நாற்பதாவது வயதில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முதல்முறை கேட்டேன். என் அம்மாவுக்கே இது தெரிந்திருக்குமா என்று தெரியாது. கேட்க அவரும் இப்போது இல்லை. லாரிக்காரத் தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் பிளாஸ்க் மூடியில் இன்னொரு டீ ஊற்றி அப்பாவிடம் நீட்டினார். தன் அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான் என்று அப்புறம் சொன்னார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து சக்கரம் ஆறியது. பெடல் மறுபடியும் கல்லு மாதிரி நின்றது. தம்பி எனக்குச் சொன்னது இதுதான்: "ஏறுன கியர்லயே இறங்கணும்க்கா. வண்டியப் பிடிக்கிறது இன்ஜின், பிரேக்கு இல்ல. பிரேக்க மிதிச்சா நல்லா மிதிச்சு வேகத்தக் குறைச்சிட்டு விட்றணும், கால அதுமேலயே வைக்கக் கூடாது." தன் லாரியை முன்னால் விட்டார். "என் பின்னாடியே வாங்க, நான் போற வேகம் போதும்." இரண்டாவது கியரில், இருபதைத் தாண்டாமல், மிச்சம் பதிமூன்று வளைவையும் அவர் பின்னாலேயே இறங்கினேன். பிரேக்கைத் தொட்டது பத்துப் பன்னிரண்டு தடவைதான் இருக்கும்.

ஆழியாரில் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வரும் வழியில் மணப்பாறையில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் இரண்டு மிச்சம் இருந்தது. அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் பேடு கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. பிரேக் ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். டிக்காஷன் நிறம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 வகை என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், அதனால்தான் கால் பஞ்சில் போன மாதிரி உள்ளே போகிறது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் வண்டியில் ஐந்து வருடமாக மாற்றவே இல்லை. சர்வீஸ் விடும்போது அதுவும் சேர்த்துத்தான் செய்வார்கள் என்று நான் நம்பியிருந்தேன். நீங்கள் பில்லை எடுத்து, அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். மலைக்குப் போகும் முன் கண்டிப்பாகப் பாருங்கள்.

ஆயிலும் பேடும் மாற்ற மாலை ஆகிவிட்டது. பட்டறைக்கு எதிரே ஒரு பழக்கடை. அப்பாவைக் காணோமே என்று தேடினால் அங்கே நின்றார். ஜனவரியில் ஏது பலா? கடைக்காரரிடம் எந்த மாதம் வரும், எவ்வளவு விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இப்போது திருச்சி வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நர்சரியிலிருந்து அவரே வாங்கிவந்து வைத்த கன்று இருக்கிறது. என் தோள் உயரம் வந்துவிட்டது. மகன்தான் தண்ணீர் ஊற்றுகிறான்.