கல் மெருகேற்றும் கருவி: நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டில் வைத்துக் கற்களைத் தேய்ப்புத் தூளோடும் நீரோடும் ஒரு டிரம்மில் போட்டு உருட்டி மெருகேற்றும் ராக் டம்ளர் கருவியைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த கருவியைச் செருகியதும் புகைந்து நின்றுவிட்டது. அடியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. விற்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: முடியாது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகியது நீங்கள். மோட்டாரை மாற்றுவதானால் 230 வோல்ட் மோட்டாரையே போடச் சொல்லுங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது என்பதால், பழைய வகை மோட்டார் மெதுவாகச் சுழலும், கூடுதலாகச் சூடாகும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கருவியுடன் 1, 2, 3, 4 என்று மட்டும் எழுதிய நான்கு பொட்டலங்கள் வந்தன. முதல் தூளைப் போட்டு மூன்று வாரம் ஓட்டியும் அகேட் கல்லின் முனைகூட மழுங்கவில்லை. தூள் செந்நிறமாக, நம் கடற்கரை மணலைப் போலவே இருக்கிறது. எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறார் விற்றவர். அந்த மணலையே அள்ளிக் கழுவிப் போட்டிருக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– கருங்கல் வாசகர்

பதில்: உங்கள் மீது பழி போட்டது அநியாயம். நீங்கள் அனுப்பிய படத்தில் தூளின் மணிகள் இளஞ்சிவப்பாக, கண்ணாடி போன்ற பளபளப்புடன், விளிம்பு உருண்டு தெரிகின்றன. பார்த்த அளவில் அது கார்னெட் மணல். மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியவற்றோடு பிரித்தெடுக்கப்படும் அதே கனிமம். அது மட்டமான பொருள் அல்ல; இரும்பின் மேல் வீசித் துருவகற்றவும், நீரை விசையுடன் பீய்ச்சி உலோகம் வெட்டவும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கார்னெட்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 7. அகேட்டும் குவார்ட்சும் அதே அளவுதான். சரிக்குச் சரியான இரண்டை உருட்டினால் ஒன்று மற்றொன்றை எப்படித் தேய்க்கும்? இந்தக் கருவிக்கு வேண்டியது 9க்கு மேல் கடினத்தன்மை கொண்ட சிலிக்கன் கார்பைடு, அதாவது நம் பட்டறைகளில் கார்போரண்டம் என்று சொல்வது. கறுப்பாக, மினுக்கத்துடன், கூரிய விளிம்புகளோடு இருக்கும். உடைந்தாலும் புதிய கூர் முனைகளோடு உடையும்.

தூளை எண் போடாமல் விற்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியவில்லை. முதல் கட்டத்துக்கு 60/90, இரண்டாவதுக்கு 120/220, மூன்றாவதுக்கு 500, கடைசியாக அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத் தூள் என்பது பரவலான முறை. எண் கூடக் கூட மணி சிறுக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். ஒன்றரைக் கிலோ கொள்ளும் டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மிகாமல் கல் போட்டு, மேல் வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நீர் விட்டு, முதல் தூளை நான்கு மேசைக்கரண்டி சேர்த்தால் போதும். இவ்வளவு கணக்காகச் செய்ய வேண்டிய வேலைக்கு, உள்ளே என்ன கனிமம், என்ன எண் என்றே சொல்லாத பொட்டலத்தைத் தருவது வாங்குபவரை இருட்டில் நிறுத்துவதாகும். நாகர்கோவிலில் ஒரு கடையில் எனக்கும் மெருகுத் தூள் என்று இப்படி ஒன்றை விற்றார்கள். அதில் பருமணிகள் கலந்திருந்ததால், மூன்று கட்டம் தாண்டி வந்த கற்கள் முழுவதும் நுண்கீறல் விழுந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பால் படிந்தது போல மங்கிக் கிடந்தன. ஒரு மாதத்து மின்சாரமும் உழைப்பும் ஒரு பொட்டலத்தால் வீணாயின. பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை உறையில் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இறக்குமதிச் சரக்கு என்று வாயால் சொல்பவரிடம் அந்த முகவரி எங்கே என்று கேளுங்கள்.

பணத்தைத் திரும்பத் தரும்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர்கள் கடமை. நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கடற்கரை மணலை அள்ளவே அள்ளாதீர்கள். அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கும். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் அது.

கேள்வி: டிரம்மைக் கழுவிய சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றியதில் குழாய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் செலவை விற்றவரிடம் கேட்கலாமா?
– குளச்சல் வாசகி

பதில்: கேட்க முடியாது, பிளம்பருக்குப் பணத்தைக் கொடுங்கள். அந்தச் சேறு குழாய் வளைவில் தங்கி சிமெண்ட் போட்ட மாதிரி இறுகும் என்று, கருவியோடு வந்த கையேடுகளில் எச்சரித்திருப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்தீர்களா? இனி வாளியில் கழுவுங்கள். தெளிந்த நீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரமாக இருக்கும்போதே உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காய்ந்து தூளாகப் பறந்தால் அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

கேள்வி: ஆறு மாதத்தில் கருவி கீச்சிடத் தொடங்கியது. தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்போது டிரம் நின்று நின்று சுற்றுகிறது.
– முட்டம் வாசகர்

பதில்: எண்ணெய் பெல்ட்டிலும் உருளைத் தண்டுகளிலும் பரவி வழுக்குகிறது. பெல்ட், தண்டு, டிரம்மின் வெளிப்புறம் மூன்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். தண்டின் முனை நுழையும் புஷ்ஷில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். உங்கள் ஊரின் உப்புக் காற்றில் தண்டு துருப்பிடிக்கும் என்பதால், டிரம்மை இறக்கும்போதெல்லாம் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பெல்ட் தேய்ந்து போகும் பொருள்தான். பழையதை எடுத்துக்கொண்டு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய், அதே அளவில் இரண்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: இரவில் சத்தம் தாங்கவில்லை. மரப்பெட்டிக்குள் வைத்து மூடலாமா?
– தக்கலை வாசகி

பதில்: கூடாது, மோட்டாருக்குக் காற்று வேண்டும்.

கேள்வி: கன்னியாகுமரியில் கடை வைத்திருக்கிறேன். சிப்பிகளையும் அகேட் கற்களையும் ஒரே டிரம்மில் போடலாமா?

பதில்: போட்டால் சிப்பி மிஞ்சாது. அது கால்சியம் கார்பனேட். அகேட்டில் பாதிக் கடினம்கூட அரிது. ஒரே கடினத்தன்மை உள்ளவற்றை மட்டுமே சேர்த்து ஓட்டுங்கள். சில சங்கு, சிப்பி இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பதால், சரக்கு எடுக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் நாளிலேயே டிரம் மூடி ஒழுகியது. ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, நாகர்கோவில் கடைக்காரர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது.
– குழித்துறை வாசகர்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதில் காலக்கெடு குறிப்பிடாதபோது 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. மூடியின் விளிம்பில் ஒரு மணித் தூள் சிக்கினாலும் ஒழுகும் என்பதால், அதைத் துடைத்து மூடி மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்போதும் ஒழுகினால் ஒழுகுவதைக் காணொளியாக எடுத்து, ரசீதின் நகலோடு கடைக்கு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முப்பதாவது நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமே தபாலை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மின்வெட்டில் நின்றால் கல் கெட்டுவிடுமா?
– குலசேகரம் வாசகர்

பதில்: சில மணி நேரத்தில் கெடாது. மின்சாரம் வந்ததும் டிரம் உண்மையாகவே சுழல்கிறதா என்று பாருங்கள். தூள் படிந்து டிரம் சிக்கி நிற்க, மோட்டார் மட்டும் முனகினால் எரிந்துவிடும். நாள் கணக்கில் நிற்கும் என்று தெரிந்தால் கற்களை எடுத்துக் கழுவி வைத்துவிடுங்கள்.