எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில்

அன்புள்ள அக்கா,

செம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். டிசம்பரில் பாங்காக், லாவோஸின் லுவாங் பிரபாங் என்று முதுகுப்பையோடு பத்து நாள் தனியாகப் போகிறேன். எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் எடுக்கப்போகிறேன் என்றதும் அம்மா, “சத்திரத்தில் படுக்கவா விமானம் ஏறுகிறாய்?” என்கிறார். மலிவு விடுதிகளை நம்பலாமா? பத்து நாளுக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாமா?

– வாசகி, மும்பை

அன்புள்ள வாசகிக்கு,

சத்திரம்தான், அம்மா சொல்வது சரி. ஆனால் தாதரில் ரயில் ஏறி, 70, 80 பேரோடு ஒரே பெட்டியில் திருநெல்வேலி வரை படுத்துப் போகிறவர்கள் நாம். எட்டுப் பேர் ஒரு கூட்டமா? பெண்களுக்கு மட்டுமான அறையாகக் கேளுங்கள், போதும்.

பணம் முதல் இரவுக்கு மட்டும் கட்டுங்கள். குடிவரவில் தங்குமிட முகவரி கேட்பார்கள், அதற்கும் ஆகும். நான் பாங்காக்கில் காவ்சான் சாலைக்குப் பின்னால் ஒரு விடுதியில் நான்கு இரவுக்கு முன்பணம் கட்டிவிட்டு முழித்தேன். (காவ்சான் என்றால் அரிசி. ஒரு காலத்தில் நம் மும்பை தானா பந்தர் மாதிரி மண்டித் தெரு.) அறைக்கு ஜன்னல் இல்லை. பலகைத் தடுப்பு கூரையைத் தொடவில்லை. பக்கத்து அறையில் பல் துலக்குவது கேட்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் இரவு முழங்கையில் வரிசையாகத் தடிப்பு. விளக்கைப் போட்டு மெத்தையின் ஓரத் தையலை விரித்தால், மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்: மூட்டைப்பூச்சியின் எச்சம். காசைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து எந்த ஊரிலும் பையைக் கீழே வைப்பதற்கு முன் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்க்கிறேன். வரவேற்பு மேசைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். பல இடங்களில் பொருள் வைக்கப் பெட்டி இருக்கும், பூட்டு இருக்காது. பாஸ்போர்ட்டைக் கேட்டால் காட்டுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தாய்லாந்துச் சட்டம். அதற்கு நகலே போதும். போகும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்றால் வேறு விடுதி பாருங்கள்.

லுவாங் பிரபாங் விடுதிகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துபவை. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.