வராத படிகங்களின் நோட்டு

வணக்கம். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புதிய படிகங்கள் வளர்ப்பதுதான் வேலை. இரண்டு வருடத்தில் பெரும்பாலும் கலங்கிய தண்ணீரும் தூளும்தான் கிடைத்திருக்கின்றன. "இதையெல்லாம் இனி மெஷின் லேர்னிங்கே பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள் நண்பர்கள். நான் செய்ததற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

ம.

அன்புள்ள ம.,

அந்த நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஹேவர்ஃபோர்டு என்று ஒரு சின்னக் கல்லூரி. அங்கே நார்க்விஸ்ட், ஷ்ரியர் என்ற வேதியியலாளர்களும் ஃப்ரீட்லர் என்ற கணினி அறிவியலாளரும் தங்கள் ஆய்வகத்தின் பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றினார்கள். எந்த உப்பு எத்தனை கிராம், எந்த அமீன் (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்), என்ன வெப்பநிலை, எத்தனை மணி நேரம், பி.எச். எவ்வளவு, கடைசியில் கிடைத்தது படிகமா தூளா. இப்படி கிட்டத்தட்ட 4,000 பரிசோதனைகள். பல எந்த ஆய்விதழிலும் அச்சேறாதவை. அவற்றை 'இருண்ட வினைகள்' என்றார்கள்.

அதில் பயின்ற நிரலிடம், அதுவரை பயன்படுத்தாத அமீன்களைக் கொடுத்து, வெனேடியம் செலினைட் படிகம் வளர எந்தச் செய்முறை சரிவரும் என்று கேட்டார்கள். நிரல் சொன்னவற்றில் 89 சதவீதம் பலித்தது. அனுபவமுள்ள வேதியியலாளர்களின் உள்ளுணர்வுக்கு 78. 2016இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

எனக்கு அந்த எண்களைவிட முக்கியம் ஒன்று உண்டு. படிகம் வந்த பக்கங்களை மட்டும் படித்த நிரலுக்கு எதைக் கலந்தாலும் படிகம் வரும் என்றுதான் தோன்றும். வேலி எங்கே இருக்கிறது என்று அதற்குக் காட்டியது வராத பக்கங்கள்தான். ஹாலிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு கண்டெடுத்ததும் இந்த வழியில்தான். நிரலைப் பயிற்றுவிக்க ஈ.கோலை என்ற பாக்டீரியா மேல் அவர்கள் சோதித்த 2,335 மூலக்கூறுகளில் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தவை 120தான். மீதி எல்லாவற்றுக்கும் எதிரே 'பலனில்லை' என்று யாரோ பொறுமையாகப் பதிந்திருக்கிறார்கள்.

நான் எம்.எஸ்சி. படித்தபோது வராததைப் பென்சிலில் எழுதி, மாலையில் அழித்துவிடுவேன். அப்படித்தான் பழக்கினார்கள். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. வெற்றியை மட்டும் அச்சிடும் வழக்கம் எத்தனை பேருடைய உழைப்பை இப்படி அழித்திருக்கும்!

உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள்: நிரலுக்கு அந்தத் தரவை யார் கொடுப்பார்கள்? கலத்தை மூடி அடுப்பில் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்து, 'தூள்' என்று நேர்மையாக எழுத ஓர் ஆள் வேண்டும். இரண்டு வருடமாக அந்த ஆள் நீங்கள்தான்.

சரி, இந்த வாரமே ஒரு அட்டவணை போட்டு, ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி என்று ஏற்றத் தொடங்குங்கள். பி.எச். குறிக்காத பக்கங்கள் இருக்கும். நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், 'அளக்கவில்லை' என்றே எழுதுங்கள்.