ஜன்னலோரத்தில் வெளுத்த டோபாஸ்

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டோபாஸ் மவுண்டன் மலையில் நீங்கள் உடைத்தெடுத்த தேன் நிற டோபாஸ் (புஷ்பராகம்) படிகங்கள் ஜன்னலோரத்தில் வைத்ததும் வெளுத்துவிட்டன, கல் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், அந்த மலை டோபாஸின் குணமே அதுதான். வெயில் பட்டால் நிறம் இறங்கிவிடும். அங்கே ஓடைமணலில் பொறுக்கும் கற்கள் நிறமே இல்லாமல் இருப்பதும் இதனால்தான். போன நிறம் இருட்டில் வைத்தாலும் திரும்பாது. மிச்சமிருப்பதையாவது இன்றே மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னும் சந்தேகமா? பக்கங்களை லென்ஸில் பாருங்கள். டோபாஸில் நுண்கோடுகள் படிகத்தின் நீளவாக்கில் ஓடும், அதுபோலத் தோன்றும் சாதாரணப் படிகமான குவார்ட்ஸில் குறுக்கே ஓடும். டோபாஸ் குவார்ட்ஸைக் கீறவும் செய்யும்.

அப்புறம், ஒரு படிகம் கத்தியால் அறுத்ததுபோல் குறுக்கே முறிந்தது என்றீர்களே, மோஸ் கடின அளவில் பத்துக்கு 8 என்றாலும் டோபாஸ் அந்தத் திசையில் சுலபமாகப் பிளக்கும். இவை ரயோலைட் எரிமலைப் பாறையின் வாயுப் பொந்துகளில், ஃப்ளோரின் கலந்த ஆவியில் வளர்ந்தவை. அதனால் பொந்து தெரிந்ததும் படிகத்தின் பக்கத்தில் அடிக்காதீர்கள். தள்ளி உளி வைத்து, பாறைத்துண்டோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பிரியுங்கள். ரயோலைட் சில்லு கண்ணாடிபோல் தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு கட்டாயம்.

அடுத்த முறை போகுமுன், மலையில் எந்தப் பகுதி தனியார் சுரங்க உரிமையில் இருக்கிறது என்று கூட்டாட்சி நில நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.