தென் கொரியாவோட சூ மி-ஏ பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: இவங்க ஜட்ஜா, அரசியல்வாதியா?

பதில்: ரெண்டும்தான். 1958ல தேகு ஊர்ல பொறந்தவங்க, அப்பா லாண்டரிக் கடை. 1985ல ஜட்ஜ் ஆகி பத்து வருஷம் கோர்ட்ல இருந்துட்டு, 1995ல எதிர்க்கட்சித் தலைவர் கிம் தே-ஜுங் கூப்பிட்டாருன்னு அத விட்டுட்டு அவர் கட்சிக்கு வந்தாங்க, அடுத்த வருஷமே சியோல்ல ஜெயிச்சு எம்பி.

கேள்வி: தேகு அவர் கட்சிக்கு ஆகாத ஊராச்சே?

பதில்: ஆமா, அதான் விஷயமே. 1997 அதிபர் தேர்தல்ல தேகுக்கே போய் அவருக்கு ஓட்டு கேட்டாங்க. பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பேரோட சேத்து 'சூ-தார்க்'னு பட்டப்பேர் வந்தது அப்பதான். வீட்டுக்காரர் கிம்மோட சொந்தப் பக்கமான ஜோல்லாக்காரர், அதனால 'தேகு பொண்ணு, ஜோல்லா மருமக'ன்னும் சொல்வாங்க.

கேள்வி: மூணு அடிக்கு ஒரு கும்பிடுன்னு ஏதோ கேள்விப்பட்டேனே, என்ன கதை அது?

பதில்: அது 2004. அதிபர் நோ மூ-ஹ்யூன பதவி நீக்க பார்லிமெண்ட்ல தீர்மானம் வந்துச்சு, இவங்க மொதல்ல வேணாம்னாங்க, அப்புறம் கட்சியோட போயிட்டாங்க. 193 ஓட்டுல பாஸ் ஆச்சு, ஆனா ஜனங்க கொதிச்சுட்டாங்க. ஏப்ரல் தேர்தலுக்கு முன்னாடி ஜோல்லா பக்கத்து குவாங்ஜு தெருவுல மூணு எட்டு வெச்சு முட்டி போட்டு தரையில விழுந்து கும்பிட்டு, எந்திரிச்சு மறுபடி மூணு எட்டுன்னு நாள்கணக்கா மன்னிப்பு கேட்டுட்டே போனாங்க, முட்டி என்ன பாடு பட்டுச்சோ. ஒண்ணும் நடக்கல. கட்சிக்கு 9 சீட்டு, இவங்களும் தோல்வி.

கேள்வி: அதோட முடிஞ்சுதுன்னு சொல்லுங்க!

பதில்: எங்க! 2008ல திரும்ப எம்பி, 2016ல கட்சித் தலைவர். அந்த டிசம்பர்லயே அப்ப அதிபரா இருந்த பார்க் குன்-ஹே மேல பதவி நீக்கத் தீர்மானம், 234 ஓட்டு. மொத தடவ குப்புறத் தள்ளுன அதே ஆயுதம் இந்த தடவ தூக்கி விட்டுச்சு.

கேள்வி: யூன் சுக்-யோலோட என்ன சண்டை?

பதில்: 2020ல இவங்க சட்ட மந்திரி, அவர் தலைமை பிராசிகியூட்டர். நவம்பர்ல அவர பொறுப்புலருந்து நிறுத்தி வெச்சாங்க, கோர்ட் ஒரே வாரத்துல திரும்ப உக்கார வெச்சுருச்சு. மாஜி ஜட்ஜுக்கு கோர்ட்லயே குட்டு! என்னக் கேட்டா, யூன அதிபர் நாற்காலி வரைக்கும் ஏத்தி விட்டதுல இந்த சண்டைக்கு பெரிய பங்கு உண்டு.

கேள்வி: சபாநாயகர் ஆனாங்களா?

பதில்: இல்ல. 2024ல ஹனாம்ல ஜெயிச்சு ஆறாவது தடவ எம்பி, எல்லாரும் இவங்கதான்னு நெனச்சாங்க, ஆனா கட்சிக்குள்ள ஓட்டு போட்டு ஊ வொன்-ஷிக்குக்கு குடுத்துட்டாங்க. அந்த டிசம்பர் 3 ராத்திரி அதிபர் யூன் மார்ஷியல் லா (ராணுவச் சட்டம்) போட்டப்ப, பார்லிமெண்ட் மதில ஏறிக் குதிச்சு உள்ள போய் 190 ஓட்டுல அத ரத்து பண்ண வெச்ச சபாநாயகர் அவர்தான்.